ஒரு யுகத்துக்கு எத்தனை நாள்?

(நம் சங்கத்தின் நாகபுரி கிளை உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கிளைச் செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "மாமா, ஏதாவது நல்ல விஷயமா சொல்லுங்கோ" என்றார். நான் முப்பத்தாறு வருஷம் கணக்குத் தணிக்கையில் பேனா பிடித்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டல், கழித்தல், எங்கே தப்பு என்று தேடுவது. அதனால் இன்றைக்கு ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எண் சற்றுப் பெரிசு. எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம்: 157 கோடியே 79 லட்சத்து 17 ஆயிரத்து 500. அதாவது 1,57,79,17,500. ஆர்யபடர் கணக்குப்படி ஒரு மஹாயுகத்துக்கு இத்தனை நாட்கள்.

இந்த எண்ணிடம் நான் போய்ச் சேர்ந்தது பக்தியாலும் அல்ல, கணித ஆசையாலும் அல்ல. அண்ணாவோடு வந்த சண்டையால். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா 1984 கார்த்திகையில் காலமானார். அண்ணா கும்பகோணத்துப் பக்கம் பூர்வீக வீட்டிலேயே இருக்கிறார். நான் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டேன். ஆரம்பத்தில் ச்ராத்தத்துக்கு நான் ஊருக்குப் போய்விடுவேன். பிறகு லீவு, குழந்தைகள் படிப்பு, ரயில் டிக்கெட் என்று ஏதேதோ. இங்கேயே தனியாகச் செய்யத் தொடங்கினேன். இங்கே எங்கள் வாத்யார் திருக்கணிதப் பஞ்சாங்கம் பார்ப்பவர். அண்ணா வீட்டில் தலைமுறையாக வாக்கியப் பஞ்சாங்கம். பல வருஷம் இரண்டிலும் ஒரே நாளாகவே வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. ஒரு வருஷம் அப்பாவின் திதி, மாதப் பிறப்பை ஒட்டி வந்து விழுந்தது. எங்கள் பஞ்சாங்கத்தில் அது கார்த்திகை முதல் தேதி. அண்ணாவின் பஞ்சாங்கத்தில் ஸங்கிரமணம் சில நாழிகை தள்ளிப் போய், அதே நாள் ஐப்பசி கடைசி தேதி ஆகிவிட்டது. நமக்கெல்லாம் ஸௌரமான மாதமும் திதியும் சேர்ந்துதானே கணக்கு? ஐப்பசியில் வரும் திதி அப்பாவுக்கு ஆகாது. ஆகவே அண்ணா கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, கார்த்திகை முடியும் சமயத்தில் செய்தார். நான் முன்னாலேயே செய்து முடித்துவிட்டேன்.

போனில் அண்ணா கேட்டார்: "ஏண்டா, அப்பாவுக்கு நீ ஐப்பசியிலே ச்ராத்தம் பண்ணினியா?" நான் சும்மா இருந்திருக்கலாம். "உன் பஞ்சாங்கம் ஆயிரத்தைநூறு வருஷப் பழசு அண்ணா, சூரியன் அங்கே இல்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் ரிசீவரை வைத்துவிட்டார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் பேச்சு, மன்னி மூலமாகத்தான்.

ரிட்டயர் ஆன பிறகு, என் கட்சிக்கு ஆதாரம் தேடலாம் என்று உட்கார்ந்தேன். தணிக்கைக்காரன் புத்தி. அண்ணாவின் பஞ்சாங்கத்துக்கு அஸ்திவாரம் எது என்று தோண்டிக்கொண்டே போனால், அடியில் இந்த எண் உட்கார்ந்திருந்தது.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆர்யபடர் இதை நேராகச் சொல்லவில்லை. அவர் எழுத்துக்களுக்கு எண் மதிப்புக் கொடுத்து ஒரு முறை வைத்திருந்தார். க முதல் ம வரை வர்க்க எழுத்துக்கள் 25-க்கும் 1 முதல் 25; ய முதல் ஹ வரை 30, 40 என்று 100 வரை; கூட வரும் உயிரெழுத்து அந்த எண் நூறா, பத்தாயிரமா, பத்து லட்சமா என்று ஸ்தானத்தைச் சொல்லும். இந்த முறையில் ஒரு மஹாயுகத்தில் சூரியனுக்கு 43,20,000 சுற்று என்று ஒரு சிறு சொல்லில் சொல்லிவிடுகிறார். அதே இடத்தில் பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வது 158,22,37,500 தடவை என்கிறார். இந்தப் பத்து இலக்கம் ஐந்தே அசையில் அடங்கிவிடுகிறது. வாயில் நுழையாத சொல்தான், ஆனால் மனப்பாடம் ஆகிவிட்டால் போகாது. பூமிதான் சுழல்கிறது என்று சொன்னதற்காக பிரம்மகுப்தர் பிற்பாடு அவரைக் கண்டித்திருக்கிறார் என்பது வேறு கதை.

பூமியின் சுழற்சியிலிருந்து சூரியன் சுற்றைக் கழித்தால் நாட்கள். ஏன் கழிக்க வேண்டும்? சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் பெரிய முள் 12 சுற்று, சின்ன முள் 1 சுற்று. இரண்டும் சந்திப்பது 12 தடவை அல்ல, 11 தடவை. அதே மாதிரிதான். நட்சத்திரத்தை வைத்துப் பார்த்தால் பூமிக்கு 158,22,37,500 சுழற்சி. அதில் 43,20,000 போக, சூர்யோதயங்கள் 157,79,17,500. இந்த இரண்டு எண்ணையும் வகுத்து ஒரு சுழற்சிக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தால் 23 மணி 56 நிமிஷம் 4.1 விநாடி வருகிறது. இன்றைய அளவும் அதுவேதான். வித்தியாசம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவுதான். எனக்கு இதை முதன்முதலில் கால்குலேட்டரில் போட்டபோது நம்பிக்கை வரவில்லை. மறுபடி போட்டேன். ராத்திரி பத்தரை மணிக்கு ஆத்துக்காரியை எழுப்பிக் காட்டினேன். "காலம்பற பாத்துக்கலாமே" என்றாள்.

இப்போது நம் எண்ணை வருஷங்களால் வகுப்போம். 157,79,17,500-ஐ 43,20,000-ஆல் வகுக்க வேண்டும். இரண்டையும் 7500 சமமாக வகுக்கும். 157,79,17,500 என்பது 7500 தடவை 2,10,389. 43,20,000 என்பது 7500 தடவை 576. ஆகவே யுகக் கணக்கு முழுவதும் சுருங்கி ஒரு கைப்பிடிக்கு வந்துவிடுகிறது: 576 வருஷத்துக்கு 2,10,389 நாள். 2,10,389-ஐ மேலும் உடைத்தால் 61 பெருக்கல் 3449. இரண்டுமே பகா எண்கள். 576-லோ இரண்டும் மூன்றும் தவிர வேறு காரணி கிடையாது. ஆகவே இதற்கு மேல் சுருக்க முடியாது. 629-இல் ஆர்யபடீயத்துக்கு உரை எழுதிய முதலாம் பாஸ்கரர் குட்டகக் கணக்குகளில் எடுத்துக்கொள்வது இந்த 576-ஐயும் 2,10,389-ஐயும்தான்.

576 வருஷத்துக்கு 2,10,389 நாள் என்றால் என்ன அர்த்தம்? 365 நாளாக 576 வருஷத்தை எடுத்துவிட்டால் மிச்சம் 149 நாள். அதாவது 576 வருஷத்தில் 149 வருஷங்களுக்கு 366 நாள், மற்றவற்றுக்கு 365. ஒவ்வொரு வருஷமும் முந்தைய வருஷத்தைவிட 149/576 நாள் தள்ளிப் பிறக்கிறது. ஒரு நாளை 576 பங்கு போட்டால் ஒரு பங்கு இரண்டரை நிமிஷம். ஆக, நாள் என்ற வட்டத்தில் இரண்டரை நிமிஷத்துக்கு ஒன்றாக 576 ஆசனங்கள் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷப் பிறப்பு ஒவ்வொரு தடவையும் 149 ஆசனம் தள்ளிப் போய் உட்காருகிறது. 149-க்கும் 576-க்கும் பொதுக் காரணி இல்லாததால், எல்லா ஆசனத்திலும் ஒரு தடவை உட்காராமல் எந்த ஆசனத்துக்கும் இரண்டாம் தடவை வராது. 576 வருஷம் ஆன பிறகுதான் புறப்பட்ட இடம்.

சூர்யோதயத்தில் ஒரு வருஷம் பிறந்தது என்று வைத்துக்கொண்டால், அதற்குப் பக்கத்து ஆசனத்துக்கு எப்போது வரும்? இது குட்டகக் கணக்கு. 576-ஐ 149-ஆல் வகுத்து, மிச்சத்தால் 149-ஐ வகுத்து, அந்த மிச்சத்தால் முந்தைய மிச்சத்தை வகுத்து என்று போனால் ஆறு படியில் முடிந்துவிடுகிறது. விடை: 259 வருஷம் கழித்து சூர்யோதயத்துக்கு இரண்டரை நிமிஷம் முன்னால், 317 வருஷம் கழித்து இரண்டரை நிமிஷம் பின்னால். பேரன் பேத்திகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையாகக் கொடுத்துப் பாருங்கள். என் பேத்தி பதினைந்து நிமிஷத்தில் போட்டுவிட்டாள். நான் முதல் தடவை ஒரு சாயங்காலம் முழுக்க எடுத்துக்கொண்டேன்.

இந்த 149/576-ஐ நாழிகைக் கணக்குக்கு மாற்றினால் 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. 365 நாளில் 52 வாரம் போக ஒரு நாள் மிச்சம். ஆக 1-15-31-15. இங்கே வந்திருக்கும் எண்பது வயசுக்காரர்களில் சிலர் தலையாட்டுவதைப் பார்க்கிறேன். ஆமாம், இது நம் வீடுகளில் புழங்கிய எண். போன வருஷப் பிறப்பின் கிழமை, நாழிகையோடு 1-15-31-15 கூட்டினால் இந்த வருஷப் பிறப்பு. என் அண்ணாவுக்கு இது தெரியும். யுகத்துக்கு 157 கோடி நாள் என்பது தெரியாது. ஆனால் அதன் சாரம் அவர் விரல் நுனியில் இருந்தது. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

சரி, இப்படிச் சுருங்குவது எல்லா யுக எண்ணுக்கும் உண்டா என்று பார்த்தேன். ஸூர்ய ஸித்தாந்தத்தில் யுகத்துக்கு 157,79,17,828 நாள். நம் எண்ணைவிட 328 அதிகம், அவ்வளவுதான். ஆனால் அதற்கும் 43,20,000-க்கும் பொதுவான காரணி வெறும் 4. ஆகவே அந்தக் கணக்கில் வருஷப் பிறப்பு சரியாகப் புறப்பட்ட நேரத்துக்கே திரும்பி வர 10,80,000 வருஷம் ஆகும்! 576 எங்கே, பத்து லட்சத்து எண்பதாயிரம் எங்கே! அந்த எண் தவறு என்று சொல்லவில்லை. ஆர்யபடரின் எண், மனிதன் கையில் வைத்துப் புழங்குவதற்காகச் செதுக்கப்பட்டது என்பது என் அபிப்ராயம். வானத்திலிருந்து எடுத்த அளவு அப்படியே 7500-ஆல் மிச்சமில்லாமல் வகுபடும்படி வந்து விழாது. அளந்து, பிறகு எண்ணை ஒழுங்கு செய்திருக்கிறார்.

இதைவிட சுவாரஸ்யமானது ஒன்று உண்டு. ஆர்யபடரே இரண்டு கணக்கு வைத்திருந்தார். ஆர்யபடீயத்தில் நாள் சூர்யோதயத்தில் ஆரம்பம். இன்னொரு நூலில் நடுநிசியில் ஆரம்பம். அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. வராஹமிஹிரர், பாஸ்கரர், பிரம்மகுப்தர் எழுதியவற்றிலிருந்துதான் தெரிய வருகிறது. அதில் யுகத்துக்கு 157,79,17,800 நாள், அதாவது 300 நாள் கூட. அதுவும் நன்றாகச் சுருங்கும்: 800 வருஷத்துக்கு 2,92,207 நாள். பர்மாவிலும் தாய்லாந்திலும் பழைய பஞ்சாங்கக் கணக்கு இந்த 800-ஐயும் 2,92,207-ஐயும் வைத்துத்தான் நடந்தது. எங்கேயோ போயிருக்கிறது பாருங்கள்.

ஒரே ஆசிரியர், இரண்டு எண். ஏன் 300 நாள் வித்தியாசம்? கலியுகம் பிறந்து 3600 வருஷம் ஆனபோது தனக்கு 23 வயசு என்று ஆர்யபடர் எழுதியிருக்கிறார். அது 499-ஆம் வருஷம். முதல் எண்படி 3600 வருஷத்துக்கு எத்தனை நாள்? 13,14,931-ம் கால் நாளும். சூர்யோதயத்தில் ஆரம்பித்ததால் கால் நாள் கூடினால் நடுப்பகல். இரண்டாம் எண்படி 13,14,931-ம் அரை நாளும். நடுநிசியில் ஆரம்பித்ததால் அரை நாள் கூடினால் அதுவும் நடுப்பகல்! ஒரே நாள், ஒரே வேளை: 499 மார்ச் 21 உச்சிப்பொழுது. நடுநிசிக்கும் சூர்யோதயத்துக்கும் இடையே உள்ள கால் நாளை 3600 வருஷத்தில் சரிக்கட்ட, 43,20,000 வருஷத்தில் 300 நாள் தேவை. அதைத்தான் கூட்டியிருக்கிறார்.

தணிக்கையில் இருந்தவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். கடைசி இருப்புத் தொகை சரியாக இருக்க வேண்டும் என்று ஆரம்ப இருப்பை அதற்கேற்றபடி வைத்த கணக்கு இது. தன் காலத்தில் சூரியன் இருந்த இடம் அவருக்குத் தெரிந்தது. அதை அசைக்கவில்லை. 3600 வருஷத்துக்கு முந்தைய ஆரம்பம் சூர்யோதயமா நடுநிசியா என்பதைத்தான் மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார். யுகத்தின் நாள் எண்ணிக்கையே அதற்கு வளைந்து கொடுத்தது.

இவ்வளவு வளைத்தவர் வேறு எதையும் கவனிக்காமல் விட்டுவிட்டாரா என்றால், இல்லை. கிழமைகளைப் பாருங்கள். ஆர்யபடருக்கு யுகத்தின் நாலு பாதங்களும் சமம். ஒவ்வொன்றும் 10,80,000 வருஷம். (புராணத்தில் 4, 3, 2, 1 என்ற விகிதம். இதற்காகவும் பிரம்மகுப்தர் கோபித்துக்கொண்டார்.) நம் எண்ணை நாலால் வகுத்தால் 39,44,79,375. மிச்சமில்லை. ஆகவே ஒவ்வொரு பாதமும் சரியாகச் சூர்யோதயத்தில் பிறக்கும். இதை ஏழால் வகுத்தால் மிச்சம் 3. மூன்று பாதம் போனால் ஒன்பது, அதாவது இரண்டு கிழமை தள்ளும். யுகம் பிறந்தது புதன்கிழமை என்கிறார் ஆர்யபடர். புதனிலிருந்து இரண்டு தள்ளினால் வெள்ளி. கலி பிறந்தது வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் வியாழனோடு பழையது முடிந்தது என்பதையும் அவரே சொல்கிறார். சரியாகப் பொருந்துகிறது. எண்ணில் யாராவது ஏடு பெயர்க்கும்போது ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதியிருந்தால் இந்தக் கிழமை பெரும்பாலும் காட்டிக் கொடுத்திருக்கும். எங்கள் ஆபீஸில் இதற்கு 'க்ராஸ் செக்' என்று பெயர்.

வெள்ளிக்கிழமையை நம்பாதவர்கள் கையில் இருக்கும் செல்போனில் போட்டுப் பாருங்கள். கலி பிறந்து 1947 ஆகஸ்ட் 15 வரை 18,43,947 நாட்கள். ஏழால் வகுங்கள். மிச்சம் பூஜ்யம். அப்படியானால் அன்றைக்கு என்ன கிழமை? ஆமாம் மாமா, வெள்ளிக்கிழமைதான். நீங்கள் அன்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் வாங்கிய கதையை நாங்கள் கேட்டிருக்கிறோம். கேரளத்தில் இந்தக் கலி தினக் கணக்கை ஸ்லோகத்திலேயே புதைத்து வைப்பார்கள். நாராயணீயத்தை மேல்பத்தூர் பட்டதிரி ஆயுளும் ஆரோக்யமும் ஸௌக்யமும் வேண்டி முடிக்கிறாரே, அந்தக் கடைசிச் சொற்களைக் கடபயாதி முறையில் எண்ணாக்கினால் 17,12,210. அதுதான் 1586-இல் நூல் முடிந்த கலி தினம். தினமும் பாராயணம் செய்கிறவர்கள் வீட்டில் ஒரு தேதி தினமும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

இனி என் கட்சிக்கு வருகிறேன். எண் சரியா? நட்சத்திரத்தை வைத்து அளந்த உண்மையான வருஷம் 365 நாள் 6 மணி 9 நிமிஷம் 10 விநாடி. நம் எண் கொடுப்பது 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 30 விநாடி. வருஷத்துக்கு 3 நிமிஷம் 20 விநாடி அதிகம். ஒரு வருஷத்தில் இது ஒன்றுமே இல்லை. 1500 வருஷத்தில் மூன்றரை நாள். ருதுக்களை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். சுமார் 61 வருஷத்துக்கு ஒரு நாள். மார்ச் இருபதை ஒட்டி இருந்த வருஷப் பிறப்பு இன்று ஏப்ரல் 14-க்கு வந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் இந்த இரண்டாவது குற்றத்தில் திருக்கணிதமும் கூட்டாளி, ஏனென்றால் அதுவும் நட்சத்திர வருஷத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. இதை நான் அண்ணாவிடம் அன்று சொல்லவில்லை. எனக்கே அப்போது தெரியாது.

எண்ணைத் திருத்தலாமா? திருத்தியிருக்கிறார்கள். கேரளத்தில் ஆர்யபடர் கணக்கில் பிசகு தென்பட்டபோது, 683-இல் ஹரிதத்தர் பரஹிதம் என்ற முறையைக் கொண்டுவந்தார். அதுவும் பிசகியபோது 1431-இல் பரமேச்வரர் த்ருக்கணிதம் என்று ஒன்றைச் செய்தார். நான் 'சயன்ஸ்' என்று கொடி பிடித்த திருக்கணிதம் என்ற பெயரே அந்த வழியில் வந்ததுதான். அண்ணாவின் வாக்கியத்துக்கு மூலமான வாக்கியகரணம் தமிழ்நாட்டில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்டது. பஞ்சாங்கக்காரர்கள் அதை மனப்பாட வாக்கியங்களாக வைத்துக்கொண்டு, எழுதாமலே கணக்குப் போட்டார்கள். வாரன் என்ற ஐரோப்பியர் 1825-இல் வெளியிட்ட காலஸங்கலிதத்தில், புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழி பரப்பி, மனப்பாடத்திலிருந்தே அந்த வருஷத்துச் சந்திர கிரஹணத்தைக் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்திருக்கிறார். ஸ்பர்ச காலம் நாலு நிமிஷ வித்தியாசத்தில் வந்தது. மோக்ஷ காலத்தில் ஐம்பது நிமிஷத்துக்கு மேல் பிசகு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம்மில் சிலர் நாலு நிமிஷத்தை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவோம், சிலர் ஐம்பதை மட்டும் சொல்லிக் கேலி செய்வோம்.

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போன வருஷம் ஊருக்குப் போனேன். ஜெயிப்பதற்கு அல்ல. ஜெயிக்க என்னிடம் ஒன்றும் பாக்கி இல்லை. அண்ணாவுக்கு எண்பத்திரண்டு. திண்ணையில் உட்கார வைத்து 576 ஆசனக் கணக்கைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நிறுத்தினேன். "மேலே சொல்லு" என்றார். 499-இல் இரண்டு கணக்கும் ஒன்று சேரும் இடம் வந்தபோது கண்ணைத் திறந்தார். "அப்போ அவரே ரெண்டு வெச்சிண்டிருந்தாரா?" என்றார். "ஆமாம்" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் ஒரு நீளக் கணக்குப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

அப்பாவின் புஸ்தகம். முன்பக்கம் நெல் கணக்கு. திருப்பிப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் வருஷப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே கிழமை, நாழிகை, விநாடி. அப்பா வருஷா வருஷம் கூட்டியிருக்கிறார். தற்பரைக்குத் தனிக் கட்டம் இல்லை. அதற்குப் பதில் மூன்று வருஷம் 31 விநாடி கூட்டி, நாலாவது வருஷம் 32 கூட்டி, அந்த 32-ஐச் சிவப்பு மையில் எழுதியிருந்தார். நாலு பதினைந்து தற்பரை சேர்ந்தால் ஒரு விநாடி அல்லவா? 1984-க்கு அப்புறம் கையெழுத்து மாறுகிறது. அண்ணா தொடர்ந்திருக்கிறார். நாற்பது வருஷம், ஒரு வருஷம்கூட விடவில்லை. இது எனக்குத் தெரியவே தெரியாது. அவரும் சொன்னதில்லை.

பழக்க தோஷம், விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே சரிபார்க்க ஆரம்பித்துவிட்டேன். அண்ணாவின் பக்கத்தில் சிவப்பு மை இல்லை. எல்லா வருஷமும் 31-தான். "அண்ணா, நாலு வருஷத்துக்கு ஒரு விநாடி விட்டுப் போயிருக்கு. நாற்பது வருஷத்துக்குப் பத்து விநாடி" என்றேன். அதாவது நம் கடிகாரத்தில் நாலு நிமிஷம். முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவர் புஸ்தகத்தை வாங்கி அப்பாவின் பக்கத்தையும் தன் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சிவப்பு மை எதுக்குன்னு நான் கேட்டுக்கவே இல்லையேடா" என்றார். பிறகு பேரனைக் கூப்பிட்டுக் கடைக்கு அனுப்பிச் சிவப்புப் பேனா வாங்கி வரச் சொன்னார். அன்று சாயங்காலம் விளக்கேற்றும் வரை நான் வருஷத்தைப் படிக்க, அவர் ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதினார். கடைசி வரியில் பத்து விநாடியும் சேர்ந்தது. அதற்கடுத்த வருஷத்தின் பெயரை எழுதிவிட்டு, நேரே உள்ள கட்டத்தை என்னைக் கூட்டி நிரப்பச் சொன்னார்.